17 வயசு விங்கருக்கு இடது காலில் வலு குறைவு: எவ்வளவு வித்தியாசம் வரை விடலாம்?

ஹலசூரு_கோச்

பெங்களூரு ஹலசூரு கௌதமபுரம் பக்கம் 17 வயசுக்குட்பட்ட ஃபுட்பால் டீம். பயிற்சி செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு மேட்ச். பெரும்பாலும் மண் கிரவுண்ட், எப்பவாவது வாடகை டர்ஃப். ஜிம் கிடையாது. இருக்கறது இவ்வளவுதான்: 16 கிலோ கெட்டில்பெல் ஒண்ணு, 10 கிலோ டம்பெல் ஒரு ஜோடி, ரப்பர் பேண்ட், மர பெஞ்சு, ஸ்டாப்வாட்ச், இஞ்சி டேப், போன்.

வலது பக்கம் ஆடற விங்கர் (ஓரக்கோட்டை ஒட்டி ஆடறவன்) ஒருத்தன், உதைக்கறதும் வலது கால்தான். சீசன் ஆரம்ப டெஸ்ட்ல வந்த கணக்கு:

ஒத்தக்கால் உயரத் தாவல்: வலது 18 செ.மீ., இடது 15 (போன் வீடியோ, நொடிக்கு 30 ஃப்ரேம்)
ஒத்தக்கால் நொண்டி, நீளம்: வலது 186 செ.மீ., இடது 171
தொடைச் சுற்றளவு: வலது 52 செ.மீ., இடது 50.5
505 டெஸ்ட் (ஓடி வந்து ஒரு கோட்டைத் தாண்டி 5 மீட்டர் போய்த் திரும்பி, அதே கோட்டுக்கு வர ஆகற நேரம்), ஸ்டாப்வாட்ச்ல: வலது காலை ஊன்றித் திரும்பினா 2.50 நொடி, இடது காலை ஊன்றினா 2.58

மேட்ச்ல உள்ளே வெட்டும்போது நல்லாத்தான் போறான். இடது காலை ஊன்றி வெளிப்பக்கமா, கோட்டை ஒட்டி வெட்டணும்னா டிஃபெண்டர் பிடிச்சிடறான்.

கேள்வி மூணு. 10 சதவீதம் தாண்டினா ஆபத்துன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது நிஜமா? இந்த வித்தியாசம் வேகத்தைக் குறைக்குமா? இடது காலுக்கு மட்டும் ரெண்டு மடங்கு பயிற்சி குடுக்கலாமா?

---

டம்பெல்_தாசன்

மூணு கேள்விக்கும் முன்னாடி அளவு சரியான்னு பாக்கணும் கோச். 30 ஃப்ரேம் வீடியோ இந்த வேலைக்கு உதவாது. கணக்கு இதோ.

தாவின உயரம் மீட்டர்ல = 1.226 × காற்றில் இருந்த நேரம் × அதே நேரம். 0.40 நொடி காற்றில் இருந்தா 19.6 செ.மீ. 30 ஃப்ரேம் வீடியோல ஒரு ஃப்ரேம்னா 0.033 நொடி. கால் தரையை விட்ட இடத்தை ஒரே ஒரு ஃப்ரேம் தள்ளிப் பிடிச்சீங்கன்னா 0.433 ஆகும், உயரம் 23 செ.மீ. காட்டும். ஒரு ஃப்ரேம் பிசகுக்கு 3.4 செ.மீ. போச்சு. நீங்க கண்டுபிடிச்ச வித்தியாசமே 3 செ.மீ.தான்! அதே போன்ல ஸ்லோமோஷன் 240 ஃப்ரேம்ல எடுங்க, ஒரு ஃப்ரேம் பிசகினா 0.4 செ.மீ. மேல போகாது.

எடுக்கற முறை: போனைத் தரையில, ஷூ நுனிக்கு நேரா, ஒன்றரை மீட்டர் தள்ளி வைங்க. கை ரெண்டும் இடுப்பில. தூக்கின காலை மடிச்சு அசையாம வைக்கணும், அதை ஊஞ்சல் மாதிரி வீசினா அந்த வேகத்துலயே ரெண்டு செ.மீ. கூடிடும். இறங்கும்போது கால் நீட்டி, நுனிப்பாதம் முதல்ல தரையைத் தொடணும். முட்டியை மடிச்சு இறங்கினா காற்றில் இருந்த நேரம் பொய்யா நீளும். பசங்க இதைத் தெரியாமலே செய்வாங்க, அதுவும் பலமான கால்ல. வலது ஒண்ணு, இடது ஒண்ணுன்னு மாத்தி மாத்தி காலுக்கு மூணு, நடுவுல 45 நொடி ஓய்வு. அடுத்த தடவை இடதுல ஆரம்பிங்க.

கணக்கு: பெரியதுல இருந்து சிறியதைக் கழிச்சு, பெரியதால வகுத்து, 100-ஆல பெருக்குங்க. உங்க நொண்டி டெஸ்ட்ல 15-ஐ 186-ஆல வகுத்தா 8 சதவீதம்.

ஆனா அந்த 8 நிஜமான்னு தெரிய, சிறந்த முயற்சி மட்டும் போதாது. மூணையும் எழுதுங்க. வலது கால் 182, 186, 179-ன்னு வந்திருந்தா அவனோட இயல்பான சிதறல் 2 சதவீதம்தான், 8 நிஜம். ஒரே கால்லயே 165-லேருந்து 186 வரை அலைஞ்சா 8-ஐ நம்பாதீங்க. ஈர மண்ணு, காய்ஞ்ச மண்ணு, டர்ஃப் மூணும் கலந்தா கதையே வேற.

505-ல வந்த 0.08-ஐ மறந்துடுங்க. ஸ்டாப்வாட்ச் அழுத்தற விரலே 0.1, 0.2 நொடி தப்பு பண்ணும்.

அந்த 10 சதவீதம் எங்கேருந்து வந்ததுன்னா, முட்டியில ஏ.சி.எல்.ங்கற தசைநாருக்கு ஆபரேஷன் ஆனவங்களை மறுபடி ஆட அனுப்பறதுக்கு வச்ச அளவுகோல்: அடிபட்ட கால் மத்த காலோட 90 சதவீதமாவது எட்டணும். அதை அப்படியே எடுத்து நல்லா ஓடற பையன் தலையில வைக்கறது நம்ம ஊர் பழக்கம் ஆயிடுச்சு.

---

பிசியோ_மர்பிடவுன்

தாசன் சொன்னது அனைத்தும் சரி. தொடைச் சுற்றளவு பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முட்டிச்சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் கோடு போட்டு, படுத்த நிலையில் தசையைத் தளர்த்தி அளக்க வேண்டும். கோடு ஒரு செ.மீ. மேலே போனாலே சுற்றளவு கூடிவிடும், ஏனென்றால் தொடை மேலே போகப் போகப் பருக்கிறது. அதோடு டேப் அளப்பது தசை, கொழுப்பு, எலும்பு எல்லாம் சேர்ந்த மொத்தம். ஒன்றரை செ.மீ. வித்தியாசத்தை வைத்து வலு குறைவு என்று முடிவு கட்ட முடியாது.

வலது காலால் உதைப்பவனுக்கு இரண்டு காலும் ஒரே வேலை செய்வதில்லை. வலது கால் வீசுகிறது: இடுப்பை மடக்கும் தசை, முன்தொடை, உள்தொடை. இடது கால் ஊன்றி நின்று உடம்பு பாரத்தைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. வருடக்கணக்கில் ஆடினால் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு வரத்தான் செய்யும். ஆனால் இந்தப் பையனிடம் எனக்கு இடிப்பது ஒன்று. தாங்கும் வேலையே செய்து பழகிய இடது கால் நொண்டியிலும் தாவலிலும் இரண்டிலும் பின்தங்கியிருக்கிறது. இது உதைத்துப் பழகியதால் வந்த ஏற்றத்தாழ்வு போல் தெரியவில்லை.

இடது கணுக்காலில் பழைய சுளுக்கு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். பிறகு இந்த நான்கையும் எடுங்கள்.

சுவர் டெஸ்ட்: வெறுங்கால். கட்டை விரலைச் சுவருக்கு நேராக வைத்து, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற கடைசி தூரத்தை விரல் நுனியிலிருந்து சுவர் வரை அளக்கவும். ஒரு செ.மீ. குறைந்தால் கணுக்கால் ஏறத்தாழ மூன்றரை டிகிரி இழந்திருக்கிறது. இரண்டு காலுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும். பசங்கள் குதிகாலைத் தூக்கி ஏமாற்றுவார்கள், அல்லது பாதத்தை உள்பக்கம் சரிப்பார்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதம் வைத்து இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது.

ஆடுசதை: படி விளிம்பில் ஒற்றைக் கால், முட்டி நேராக, சுவரில் இரண்டு விரல் மட்டும். இரண்டு நொடிக்கு ஒரு முறை எழ வேண்டும். முதல் முறை எழுந்த உயரம் குறைந்ததும் எண்ணிக்கையை நிறுத்துங்கள். 25-க்கு மேல் போனால் நல்லது.

பின்தொடை: மல்லாந்து படுத்து, குதிகாலை 60 செ.மீ. உயரப் பெட்டி மேல் வைத்து, முட்டியைச் சற்றே மடக்கி, ஒற்றைக் காலால் இடுப்பைத் தூக்க வேண்டும். 20-க்குக் கீழே என்றால் பலவீனம், 30 தாண்டினால் நல்ல வலு.

முட்டி: பெஞ்சில் உட்கார்ந்து ஒற்றைக் காலால் எழுந்து உட்கார வேண்டும். எண்ணிக்கையோடு முட்டி உள்பக்கம் சரிகிறதா, உடம்பு முன்னால் அதிகம் சாய்கிறதா என்று பாருங்கள்.

முட்டி வீங்குவது, திடீரென்று மடிந்து போவது, மாட்டிக்கொள்வது, காலில் மரத்துப்போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் டெஸ்ட் வேண்டாம். எலும்பு டாக்டரிடம் அனுப்புங்கள்.

---

எண்_பத்து

கொஞ்சம் எதிர்வாதம். சமச்சீர் ஆக்கினால் வேகம் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சில ஆய்வுகளில் தாவலில் வித்தியாசம் அதிகமுள்ளவர்கள் மெதுவாக ஓடுகிறார்கள், வேறு சிலவற்றில் தொடர்பே இல்லை. ஒரே ஆட்டக்காரருக்கு ஒரு டெஸ்டில் வலது கால் பலமாகவும் இன்னொன்றில் இடது கால் பலமாகவும் வருவது சாதாரணம். போன மாதம் வலது, இந்த மாதம் இடது என்று திசை மாறுவதும் உண்டு, வளரும் பசங்களிடம் இன்னும் அதிகம். அதனால் ஒரே டெஸ்டை வைத்து ஒரு பையனை நொண்டி என்று முத்திரை குத்துவது அநியாயம்.

காயம் பற்றியும் ஒரு வார்த்தை. 2008-இல் வந்த ஆய்வு ஒன்று 462 தொழில்முறை வீரர்களைப் பார்த்தது. தசை வலு ஏற்றத்தாழ்வைச் சரி செய்யாமல் விட்டவர்களுக்குப் பின்தொடைக் காயம் நாலைந்து மடங்கு அதிகம் என்றது. எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். 2016-இல் கத்தார் லீக்கின் 614 வீரர்களை வைத்து வந்த ஆய்வு, மெஷினில் அளந்த வலு வித்தியாசம் காயத்தை முன்கூட்டிச் சொல்ல அவ்வளவாக உதவாது என்றது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொன்று. பீலே சிலை வைத்திருக்கும் ஏரியாவில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், இடது காலால் உதைத்துப் பழகச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீராதா?

---

டம்பெல்_தாசன்

@எண்_பத்து முத்திரை குத்தக்கூடாதுங்கறது சரி. உதை விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். இடது காலால உதைச்சா ஊன்றி நிக்கறது வலது கால். ஏற்கெனவே பலமான கால்தான் இன்னும் தாங்கிப் பழகும். பந்து அரைக் கிலோகூடக் கிடையாது, அதை உதைச்சு ஆடுசதையும் முன்தொடையும் ஏறாது. ஆட்டத்துக்காக இடது கால் உதை பழகட்டும், கட்டாயம் பழகணும். வலுவுக்கு அது மருந்தில்லை. ஒரேயடியா 100 உதைன்னு ஆரம்பிச்சா கவட்டை பிடிச்சுக்கும், அது தனிக் கதை.

---

ஹலசூரு_கோச்

புது அளவு. எல்லாம் ஒரே நாள், ஒரே கிரவுண்ட், கேன்வாஸ் ஷூ.

உயரத் தாவல், 240 ஃப்ரேம்: வலது 17.4, 17.9, 17.6. இடது 15.3, 15.0, 15.5
நொண்டி: வலது 182, 186, 179. இடது 168, 171, 165
சுவர் டெஸ்ட்: வலது 11 செ.மீ., இடது 7
ஆடுசதை: வலது 28, இடது 19
பின்தொடை: வலது 27, இடது 25
பெஞ்சுல எழறது: வலது 14, இடது 9. இடதுல உடம்பு நல்லா முன்னாடி சாயுது.

கேட்டா போன சீசன்ல இடது கணுக்கால் சுளுக்கினது, வீக்கம் வத்தினதும் ஆட வந்துட்டான். இப்ப வலி இல்லைங்கறான்.

---

பிசியோ_மர்பிடவுன்

இப்போது படம் தெளிவாகிறது. உயரத் தாவலில் சராசரிக்குச் சராசரி 13 சதவீதம், நொண்டியில் 8. இரண்டிலும் சிதறல் 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, திசையும் ஒன்றே. எண்_பத்து சொன்ன மாறும் திசை இங்கே இல்லை.

பின்தொடை கிட்டத்தட்ட சமம். அதைத் துரத்த வேண்டாம். அடைப்பு கணுக்காலில்: சுவர் டெஸ்டில் 4 செ.மீ. என்றால் சுமார் 14 டிகிரி. கணுக்கால் மடங்காவிட்டால் கீழ்க்கால் முன்னால் சாயாது, முட்டி பாதத்துக்கு மேல் வராது. உட்கார்ந்து எழும்போது உடம்பு முன்னால் சாய்ந்து இடுப்பு பாரத்தை வாங்கிக்கொள்ளும், முன்தொடைக்கு வேலை போகாது. பெஞ்சில் நீங்கள் பார்த்தது அதுதான். பல மாதம் இப்படி நடந்தால் முன்தொடை சற்று வற்றுவதிலும் வியப்பில்லை, டேப்பின் ஒன்றரை செ.மீ.யில் ஒரு பங்கு அதுவாக இருக்கலாம். நொண்டியை விடத் தாவலில் வித்தியாசம் அதிகமாகத் தெரிவதும் பொருந்துகிறது. நீளத்துக்குத் தாவும்போது இடுப்பும் கணுக்காலும் தள்ளிவிடும், முட்டியின் பங்கு குறைவு. உயரத்துக்குத் தாவும்போது முட்டி ஏமாற்ற முடியாது. இடது காலை ஊன்றிப் பிரேக் போட்டுத் திரும்புவதும் இதே முட்டி, இதே கணுக்கால் வேலைதான். டிஃபெண்டர் பிடிப்பதற்குக் காரணம் இங்கிருந்தே வரலாம்.

வலி இல்லை என்பதால் சுளுக்கு ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. முழங்கால் மடக்கும்போது கணுக்காலின் முன்பக்கம் கிள்ளுவது போல் இருக்கிறதா, பின்பக்கம் ஆடுசதை இழுக்கிறதா என்று கேளுங்கள். பின்பக்கம் இழுத்தால் தசை, பயிற்சியில் சரியாகும். முன்பக்கம் கிள்ளினால் மூட்டு அடைப்பு. ஒரு பிசியோ கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. அதுவரை அழுத்தி நீட்டாதீர்கள்.

---

டம்பெல்_தாசன்

அப்ப திட்டம் இது, 8 வாரம். இடதுக்கு ரெண்டு மடங்கு வேண்டாம் கோச். இடதுக்கு 3 செட், வலதுக்கு 2 செட், எப்பவும் இடது முதல்ல. இடது எத்தனை முறை, எவ்வளவு எடை சுத்தமா பண்ணுதோ வலதும் அதுக்கு மேல போகக்கூடாது. ரெண்டு மடங்கு குடுத்தா இடது கால் சோர்ந்த நிலையிலயே பந்தாட்டப் பயிற்சிக்குப் போகும், இறங்கற விதம் கெடும், மூணாவது வாரம் குதிகால் தசைநாண் வலின்னு வந்து நிப்பான். வலதை நிறுத்தவும் கூடாது. வலது பலவீனமாகி வித்தியாசம் குறைஞ்சா பேப்பர்ல அழகா இருக்கும், ஆட்டத்துல ரெண்டு காலும் போச்சு.

தினமும் வீட்டில: இடது பாதம் பெஞ்சு மேல, ரப்பர் பேண்ட் கணுக்கால் மடிப்புக்குக் கீழ, பின்பக்கமா இழுக்கற மாதிரி கட்டி, முட்டியை முன்னாடி தள்ளித் தள்ளி 2 × 15 (2 செட், செட்டுக்கு 15 முறை). பேண்ட் கீழ்க்கால் எலும்பு மேல ஏறிட்டா பிரயோஜனம் இல்லை, மடிப்புலயே இருக்கணும். குதிகால் எழக்கூடாது.

செவ்வாயும் வியாழனும், பந்தாட்டம் முடிஞ்ச பிறகு:

ஆடுசதை, படி விளிம்புல, முட்டி நேரா, 12 முறை. ஏற 1 நொடி, மேல நிக்க 1, இறங்க 3. 12 சுலபமானதும் கையில 10 கிலோ, அப்புறம் 16 கிலோ.

உட்கார்ந்து, கெட்டில்பெல்லை முட்டி மேல வச்சு குதிகால் தூக்கறது, 15 முறை. முட்டி மடிஞ்ச நிலையில ஆழத்துல இருக்கற ஆடுசதை வேலை செய்யும். ஓட்டத்துல அதிக சுமை வாங்கறது அதுதான், யாரும் பண்றதில்லை.

பின்கால் பெஞ்சு மேல வச்சு ஒத்தக்கால் ஸ்குவாட், 8 முறை. முதல் 2 வாரம் எடையில்லாம, முன்பாத குதிகாலுக்கு அடியில 2 செ.மீ. பலகை. கணுக்கால் வழிவிடற வரைக்கும் அந்தப் பலகை இருந்தாதான் முட்டி முன்னாடி போய் முன்தொடைக்கு வேலை சேரும். சுவர் டெஸ்ட் 9 செ.மீ. வந்ததும் எடுத்துடுங்க. மூணாவது வாரத்துல இருந்து கைக்கு 10 கிலோ.

நார்டிக் (முட்டி போட்டு, கணுக்காலை ஒருத்தன் பிடிச்சுக்க, உடம்பை மெதுவா முன்னாடி சரிக்கறது) மொத்த டீமுக்கும், செவ்வாய் மட்டும். முதல் வாரம் 2 × 5, ரெண்டாவது வாரம் 2 × 6, மூணாவதுல இருந்து 3 × 6. வியாழன்ல போட்டா ஞாயிறு வரைக்கும் தொடை வலிக்கும். முட்டிக்கடியில ஏதாவது மெத்துனு போடுங்க. பிடிக்கறவன் ரெண்டு கணுக்காலையும் சமமா அழுத்தணும். சரியும்போது இடுப்பு ஒரு பக்கம் திரும்பினா பலமான கால் மத்ததைச் சுமக்குதுன்னு அர்த்தம், அந்த இடத்துல நிறுத்தி மறுபடி முதல்லேருந்து.

உள்தொடைக்கு கோபன்ஹேகன் (பக்கவாட்டுல படுத்து, மேல் காலை பெஞ்சு மேல வச்சு உடம்பைத் தூக்கறது), வியாழன், பக்கத்துக்கு 2 × 6. முதல்ல முட்டி பெஞ்சு மேல இருக்கட்டும். கணுக்காலை பெஞ்சு மேல வைக்கறது நாலாவது வாரத்துக்கப்புறம். இதை நேரா கடினமான வகையில ஆரம்பிச்சு கவட்டை பிடிச்ச பசங்க நிறைய.

தாவல் மூணாவது வாரம் தொடங்கட்டும், வார்ம்-அப் முடிஞ்சதும், கால் புதுசா இருக்கறப்போ: கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒத்தக்கால்ல 3 × 10. அஞ்சாவது வாரம் முன்னாடி நொண்டி அடிச்சு 2 நொடி அசையாம நிக்கணும், 3 × 5. ஏழாவது வாரம் 5 மீட்டர் ஓடி இடதை ஊன்றி வெட்டறது, 6 தடவை, முழு ஓய்வோட. அடுத்த நாள் கணுக்கால் வீங்கினாலோ சுவர் டெஸ்ட் 1 செ.மீ. குறைஞ்சாலோ அந்த வாரம் தாவல் கட்.

சனிக்கிழமை இதுல எதுவும் கிடையாது.

---

எண்_பத்து

இந்தத் திட்டத்தில் எனக்குச் சண்டையில்லை, இது சமச்சீருக்கான திட்டமே அல்ல, பலவீனமான காலுக்கான திட்டம். ஒரு சேர்க்கை மட்டும்: திரும்பும் வேகத்தை அளக்க 505-இன் மொத்த நேரத்தைப் பார்க்காதீர்கள். நேராக ஓடும் 10 மீட்டர் நேரத்தை அதிலிருந்து கழித்தால் திரும்புவதற்கு மட்டும் ஆன நேரம் வரும். நேர் ஓட்டத்தில் வேகமானவன் மொத்த நேரத்தில் தன் குறையை மறைத்துவிடுவான். ஸ்டாப்வாட்ச் வேண்டாம், 240 ஃப்ரேம் வீடியோ போதும். 505-க்கு நேரம் எண்ணத் தொடங்கும் கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் போனை ஸ்டாண்டில் வைத்து, இடுப்பு கோட்டைத் தாண்டும் ஃப்ரேமைப் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று எண்ணுங்கள். 10 மீட்டரையும் வீடியோவிலேயே எடுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி.

---

ஹலசூரு_கோச்

நன்றி எல்லாருக்கும். பின்பக்கம்தான் இழுக்குதாம், முன்னாடி கிள்ளல. மறு டெஸ்ட் எப்போ? வாரா வாரம் எடுக்கலாமா?

---

பிசியோ_மர்பிடவுன்

சுவர் டெஸ்ட் வாரம் ஒருமுறை, செவ்வாய் பயிற்சிக்கு முன். தாவல், நொண்டி, ஆடுசதை எண்ணிக்கை 4-ஆவது வாரமும் 8-ஆவது வாரமும் போதும், மேட்ச் முடிந்து 48 மணி நேரமாவது கழித்து. பார்க்க வேண்டிய எண் இடது காலுடைய சொந்த எண்: தாவல் 15.3-லிருந்து 17 பக்கம் வருகிறதா, ஆடுசதை 19-லிருந்து 25 தாண்டுகிறதா. வலதும் சேர்ந்து ஏறினால் சதவீதம் அசையாமல் நிற்கும், அதற்காகப் பதற வேண்டாம். 4-ஆவது வாரம் சுவர் டெஸ்ட் 7-லேயே நின்றால் மூட்டை யாராவது கையால் பார்க்கட்டும், 8 வாரம் வரை காத்திருக்காதீர்கள். மேட்ச் நாளில் இடது கணுக்காலுக்கு டேப் அல்லது லேஸ் கட்டும் பிரேஸ் போடச் சொல்லுங்கள்; சுளுக்கின கணுக்கால் மறுபடி சுளுக்குவதுதான் அதிகம்.